படிக்க மட்டும்

ஒத்தக்கடை. கோர்ட்டுக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
வக்கீல் கமருன்னிஸாவின் மேஜையில்
என் மடிக்கணினி. அதில் மிச்சமிருந்தது
பதினோரு ஜிபி.

அரசுத் தரப்பு கொடுத்த நகல்
ஒரே ஒரு ஜிப் கோப்பு.
அதற்குள் ஒரு வட்டுப் பிம்பம்.
அதற்குள், மேலூர்ப் பக்கத்து நகைக்கடன் சங்கத்தில்
போலீஸ் தூக்கிப்போன கணினி
முழுசாக, தூசி நீங்கலாக.
அவிழ்த்தால் நானூற்று அறுபத்தைந்து ஜிபி.
காலை பத்தரைக்கு வாய்தா.

யானையைத் தொலைத்தவன்
பானைக்குள் கையை விட்டுத் தேடினானாம்.
ஜன்னலுக்கு அந்தப்புறம் யானைமலை
முதுகு காயப் படுத்திருந்தது.
நான் பானையைக் கிட்டே இழுத்தேன்.

"டவுன்ஹால் ரோட்டுல புது டிஸ்க் வாங்கியாரச் சொல்லவா?"
"வாங்கலாம் மேடம். விடிஞ்சாலும் அவிழ்த்து முடியாது."

அவிழ்க்க வேண்டாம்.
மூட்டை மூட்டையாகவே கிடக்கட்டும்.
கேட்ட பக்கத்தை, கேட்ட நேரத்தில் மட்டும்
விலக்கிக் காட்ட ஒரு நிரல் உண்டு.
ஜிப்பை ஓர் அடைவுபோல ஏற்றினேன்.
அங்கே தெரிந்த பிம்பத்தை
இன்னொரு வட்டாக ஏற்றினேன்.
இரண்டே கட்டளை. இரண்டாவதன் வாலில்
படிக்க மட்டும் என்று ஒரு சொல்.
அதை மறந்தால் கதை முடிந்தது.
ஒரு புள்ளி நகர்ந்தாலும் கோப்பின் கைரேகை மாறிவிடும்,
எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும்.

மெதுவாகத்தான் வந்தது.
இறுக்கிக் கட்டியதற்குள் குறுக்குவழி கிடையாது.
முந்நூறாவது ஜிபியில் இருப்பதைக் கேட்டால்
முதலிலிருந்து நடந்து வருகிறது,
பெரியார் நிலையத்தில் கிளம்பி
கைகாட்டிய இடமெல்லாம் நிற்கும் டவுன் பஸ்.
கரண்ட் ஒருதரம் போய் வந்தது.

பிறகு தவசிலிங்கத்தின் திரை.
சங்கத்துக் கணக்கர், வழக்கில் இரண்டாம் எதிரி.
முகப்புப் படத்தில் ஒரு கறுப்புக் கிடா,
கொம்பில் சிவப்பு ரிப்பன்.
கோப்புப் பெயர்களெல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை,
எழுத்துரு இல்லாத என் கணினியில்
அரைப்புள்ளியும் ஆங்கிலச் சில்லறையுமாக
உதிர்ந்து கிடந்தன.
எழுத்துருவும் உள்ளேயே இருந்தது.
அதைப் போட்டதும் தமிழ் எழுந்து உட்கார்ந்தது.

ஒரே கடிதம், பதினோரு தடவை சேமித்தது.
'இந்தப் பேரேட்டில் கையெழுத்துப் போட
என் மனம் ஒப்பவில்லை. ராஜினாமாவை
பனிவுடன் சமர்ப்பிக்கிறேன்.'
பதினோரு தேதி. எல்லாமே
நகை காணாமல்போன வாரத்துக்கு முந்தியவை.
பதினொன்றிலும் பனிதான் பெய்கிறது.
விரல் பழக்கதோஷத்தில் போய்
றன்னகரத்தை அழித்து டண்ணகரம் போட்டுச்
சேமிக்கப் பார்த்தது.
எழுத அனுமதி இல்லை, என்றது கணினி.
அப்போதுதான் வியர்த்தது.

"அனுப்புனாரா?"
"அனுப்பினதுக்குத் தடயம் இல்லை மேடம்."
கமருன்னிஸா பேனா மூடியைக் கடித்தார்.
"அனுப்பாத கடிதாசி. தேதி நிக்கும்.
மத்தது நீதிபதி பாடு."

ஏற்றியதைத் தலைகீழாக இறக்கவேண்டும்:
முதலில் வட்டு, அப்புறம் அடைவு.
கைரேகை பார்த்தேன், காலையில் இருந்ததேதான்.
பதினோரு ஜிபியும் அப்படியே.

படியில் செருப்புச் சத்தம்.
தூக்குவாளியில் டீயோடு தவசிலிங்கம்.
இந்த மனிதர் இரவு எட்டரைக்குமேல் தனியாகச்
சீட்டாட்டம் ஆடுவார் என்பது எனக்குத் தெரியும்.
அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வாங்கினேன்.

"உள்ள ஒரு கெடா போட்டோ இருக்குமே,
பார்த்தீங்களா?"
"இருக்கு."
"வேற நகல் எங்கிட்ட இல்ல.
அத மட்டும் எடுக்க முடியுமா?"

மூன்று எம்பிகூட இருக்காது.
கமருன்னிஸாவைப் பார்த்தேன்.
அவர் கட்டைத் திருப்பிக்கொண்டே தலையசைத்தார்.

மறுபடி ஜிப், மறுபடி பிம்பம், வாலில் அந்தச் சொல்.
முதலிலிருந்து நடக்கத் தொடங்கியது.
டீ ஆறும்வரை மூன்றுபேரும் திரையைப் பார்த்திருந்தோம்.